கத்திரி வெயிலைப் பாதுகாப்பாகக் கடக்க: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலின் தாக்கமே காரணம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. அது கத்திரி நாள் அல்ல. வெயில் 40 டிகிரியைத் தொடவும் இல்லை. நிழல் இல்லாத கடற்கரை, காற்றில் ஈரப்பதம், நகர இடமில்லாத கூட்டம், மணிக்கணக்கில் காத்திருப்பு, பலர் கையில் தண்ணீர் இல்லை. இவை ஒன்று சேர்ந்ததே போதுமானதாக இருந்தது.

நம் ஊரில் வெயிலைப் பற்றிப் பேசும்போது டிகிரிக் கணக்கை மட்டுமே பேசுகிறோம். செய்தியில் 40-ஐத் தாண்டினால் பயப்படுகிறோம், 37 என்றால் நிம்மதி அடைகிறோம். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ள முடிகிறதா இல்லையா, அதுதான் அதன் பிரச்சினை. தள்ள முடியாமல் போவதற்கு வெயிலில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் பாட்டிக்கும், அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் அது நேரலாம். இந்த வழிகாட்டி அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதப்படுகிறது.

முதல் படி: உடம்பு எப்படிக் குளிர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். சூடு கூடினால் இதயம் வேகமாகத் துடித்து ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், தோல் வியர்க்கும். வியர்வை வழிவதால் மட்டும் நாம் குளிர்வதில்லை. அது காற்றில் ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

கடலோரத்தில் சிக்கல் இங்கேதான். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டுகிறது. நீர் போகிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை. 35 டிகிரி வெயிலோடு 60 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்பு உணர்வது கிட்டத்தட்ட 45 டிகிரி. வேலூர், திருத்தணி, கரூர், ஈரோடு பக்கம் காற்று வறண்டிருக்கும். அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தலை சுற்றும்போதுதான் தெரியும். ஆக, கடலோரத்துக்காரர் காற்றோட்டத்தைத் தேட வேண்டும், உள்மாவட்டத்துக்காரர் தண்ணீர்க் கணக்கில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதில் இதயத்துக்கு வேலை அதிகம். வெயில் காலத்து இறப்புகளில் பல, மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ எழுதப்பட்டுவிடுகின்றன. அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி வரை வெயில் அடித்தபோது, வழக்கமான மே மாதங்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் பிறகுதான், 2013-இல், அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு செயல்திட்டம் போட்டது.

இரண்டாம் படி: வானிலை அறிக்கையைச் சரியாகப் படியுங்கள்

அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும். பஞ்சாங்கம் அப்படிச் சொன்னாலும் வெயில் அந்தத் தேதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. உள்மாவட்டங்களில் மார்ச் கடைசியிலேயே சூடு ஏறிவிடும். சென்னையில் கத்திரி முடிந்த பிறகும் ஜூன் பாதி வரை கொளுத்துவது உண்டு. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு.

சென்னைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது? மதியத்துக்குள் வந்துவிட்டால் அன்று வெப்பம் அதற்கு மேல் ஏறாது. மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று பலமாக இருந்து அதைத் தடுத்துவிடும் நாட்களும் உண்டு, 40 தாண்டுவது அந்த மாதிரி நாட்களில்தான். ‘மேற்குத் திசைக் காற்று, கடற்காற்று தாமதம்’ என்று வானிலைக்காரர்கள் சொன்னால், அன்றைய வெளிவேலையைத் தள்ளி வையுங்கள்.

இந்திய வானிலை ஆய்வு மையம் ‘வெப்ப அலை’ என்று அறிவிப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு அந்த நாளின் இயல்பை, அதாவது பல வருடச் சராசரியைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4-க்கு மேல் கூடினால் தீவிர வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டால் வெப்ப அலை, 47-ஐத் தொட்டால் தீவிர வெப்ப அலை. கடலோரத்துக்கு 37 டிகிரியும் அதே 4.5 டிகிரிக் கூடுதலும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இயல்பே உயரமாக இருக்கும் வேலூர் மாதிரி ஊரில் மே மாதம் 42 அடித்தாலும், கணக்குப்படி அது வெப்ப அலை ஆகாமல் போகலாம். ஆகவே ‘எச்சரிக்கை வரவில்லையே’ என்று இருந்துவிடாதீர்கள்.

அறிக்கையில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: அதிகபட்ச வெப்பநிலை, ஈரப்பதம், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, எச்சரிக்கை நிறம். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். நான்கிலும் மக்கள் பார்க்கத் தவறுவது இரவு வெப்பநிலையை. சென்னையில் மே மாதம் இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் சகஜம். பகலில் அடி வாங்கிய உடம்பு இரவில்தான் தேறும். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் தேறாமல் போனால், நான்காம் நாள் வெயில் குறைவாக இருந்தாலும் ஆபத்துதான்.

அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை நிழலில் அளந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நடுத்தெருவில் தார்ச்சாலை மேல் நிற்பவர் அதைவிடக் கூடுதலாகத்தான் வாங்குகிறார்.

மூன்றாம் படி: வீட்டை மார்ச்சிலேயே தயார் செய்யுங்கள்

நம் வீடுகளில் சூடு வரும் முதல் வழி கூரை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைச் சேர்த்து வைத்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்கும். மேல்மாடியில் இருப்பவர்கள் மின்விசிறி ‘அனலைத்தான் அள்ளிப் போடுகிறது’ என்று சொல்வது இதனால்தான்.

செலவு குறைந்த, உறுதியாகப் பலன் தரும் வேலை மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது. சுண்ணாம்போடு பசை சேர்த்து இரண்டு பூச்சு அடித்தாலே வித்தியாசம் தெரியும், ஆனால் மழைக்காலத்தில் கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் விலை கூடுதல், சில வருடம் தாங்கும். வெள்ளை ஓடு பதிப்பது இன்னும் நீடிக்கும். எதைச் செய்தாலும் அழுக்குப் படிந்தால் பலன் குறையும் என்பதால் பெருக்கி, கழுவி வைத்திருங்கள்.

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளுக்கு மேலே வெள்ளை அடிப்பதோடு, உள்ளே கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு ஒரு மறைப்புக் கட்டுவது நல்லது. கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்தாலும் குளிரும். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் மின்கம்பி, அடுப்புப் புகைபோக்கி பக்கத்தில் கீற்று வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

அடுத்தது ஜன்னல். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் வேண்டும். உள்ளே திரை போட்டால், கண்ணாடி வழியாகச் சூடு ஏற்கெனவே உள்ளே வந்த பிறகுதான் தடுக்கிறோம். வெளியே மூங்கில் தட்டி, பச்சை நிழல்வலை, இல்லை ஒரு பழைய வேட்டியைக் கட்டினாலும் போதும். உள்மாவட்டங்களில் வெட்டிவேர் தட்டியை நனைத்துக் கட்டுவது இன்றைக்கும் வேலை செய்யும். ஏர் கூலரும் அப்படித்தான், வறண்ட காற்றில் நன்றாகக் குளிர்விக்கும். சென்னைப் புழுக்கத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு ஏர் கூலர் ஓட்டினால் ஈரம்தான் கூடும். அந்தக் காசுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாம்.

வெளியே உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலை மூடுங்கள், வெளியே குளிர்ந்ததும் திறங்கள். பெரும்பாலான வீடுகளில் காலை ஒன்பது மணிக்கு மூடி, மாலை கடற்காற்றோ இருட்டோ வந்த பின் திறப்பது சரியாக வரும். தகரக் கூரை வீடு மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதைப் பகலில் மூடினால் அடுப்பாகிவிடும், திறந்தே வையுங்கள். மாலையில் மொட்டை மாடியில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்தால் தளத்தின் சூடு இறங்கும். தண்ணீர்ப் பஞ்சம் இருக்கும் தெருவில் துணி துவைத்த கடைசி அலசல் நீரையே இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏசி இருக்கிறவர்கள் 18-இல் வைக்க வேண்டியதில்லை. 26 அல்லது 27-இல் வைத்து மின்விசிறியும் ஓட்டினால் உடம்புக்குப் போதும், மின்சாரமும் மிச்சம். மின்விசிறி பற்றி ஒரு எச்சரிக்கை: அறைக்குள் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் வெறும் மின்விசிறிக் காற்று உடம்பைச் சூடாக்கவே செய்யும். அப்போது உடம்பை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே காற்று வாங்க வேண்டும்.

மின்தடைக்கும் தயாராக இருங்கள். குடிக்க ஒரு நாள் தண்ணீர், பனையோலை விசிறி, சார்ஜ் ஏற்றிய போன், நான்கைந்து ஓ.ஆர்.எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலங்கள். இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால், குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால் அதை எங்கே வைப்பது என்று முன்பே யோசியுங்கள். பெரிய மண்பானைக்குள் ஈர மணல் நிரப்பி, நடுவில் சிறு பானை வைத்து, அதற்குள் உறையில் போட்டு வைத்தால் கெடாமல் சமாளிக்கலாம். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண்.

நான்காம் படி: தண்ணீரும் சாப்பாடும்

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம்தான், வயதானவர்களுக்குத் தாகமே சரியாக எடுக்காது. நேரம் வைத்துக் குடியுங்கள். போதுமா என்று பார்க்க எளிய வழி சிறுநீர். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், நான்கைந்து மணி நேரம் போகவே இல்லை என்றாலும் உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

நீர்மோர், பானகம், இளநீர், நுங்கு, கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், பழைய சோற்று நீராகாரம், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும், வெள்ளரி, தர்பூசணி என்று நம்மிடம் இல்லாததா? நான் முதலில் சொல்வது நீர்மோரைத்தான். நீர், உப்பு இரண்டும் அதில் இருக்கின்றன, விலை குறைவு, தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தலில் கிடைக்கிறது. பந்தல் வைப்பவர்கள் நல்ல தண்ணீர் ஊற்றுகிறார்களா, டம்ளர் கழுவுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். வெயில் காலத்து வயிற்றுப்போக்கு, இருக்கிற நீரையும் எடுத்துவிடும். ஈ மொய்க்கும் வெட்டிய பழமும், மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ்கட்டியும் வேண்டாம்.

நிறைய வியர்த்திருந்தாலோ தலை சுற்றல், வாந்தி இருந்தாலோ ஓ.ஆர்.எஸ் நல்லது. ஒரு பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ் அல்ல. அப்படிப் பெயர் போட்டு விற்பதற்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டு வியர்த்து வேலை செய்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களும் கோடையில் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள். மது உடம்பு நீரை வெளியேற்றும், அதோடு ஆபத்தை உணரவும் விடாது.

சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். கத்திரி நாட்களில் மதியம் தோசைக்கல் முன்னால் ஒருவரை நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவது நியாயமில்லை. வெயில் எச்சரிக்கைகளில் அடுப்படியைப் பற்றி ஒரு வரி வருவதே அபூர்வம். மதியத்துக்கு மோர் சாதம், கூழ், காலையில் செய்த குழம்பு போதும். குழம்பைச் சூடாக மூடி வைக்காமல் ஆறவைத்துப் பத்திரப்படுத்துங்கள், இந்தச் சூட்டில் சீக்கிரம் ஊசிவிடும்.

ஐந்தாம் படி: வெளியே போகும்போது

காலை பதினொன்று முதல் மாலை மூன்றரை வரை தள்ளிப்போட முடிந்த எதையும் தள்ளிப்போடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் குடை, தளர்வான பருத்தி உடை, ஒரு பாட்டில் தண்ணீர், நனைத்த துண்டு. கழுத்தில் போட்ட ஈரத் துண்டுக்கு ஈடு கிடையாது. இருசக்கர வாகனத்தில் சிக்னலுக்குச் சிக்னல் வெயிலில் நிற்பவர்கள், தலை லேசாகக் கிறுகிறுத்தாலே ஓரம் கட்டி நிழலில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஓட்டிக்கொண்டே மயங்கினால் விபத்தும் சேர்ந்துகொள்ளும்.

நிறுத்திய காருக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரிக்கு மேல் ஏறும், ஜன்னலை லேசாக இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

திருவிழா, தேர், பொதுக்கூட்டம், மைதான நிகழ்ச்சி: போகும் முன் நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, வெளியேறும் வழி எது என்று பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் குவியும் கூட்டத்தில் குழந்தையையும் பெரியவரையும் அழைத்துப் போகிறவர்கள் ஓரமாக நில்லுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் மயக்கம் வந்தாலும் வெளியே வர முடியாது. மதிய நேரத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருந்தால் நிழல் பட்ட ஓரத்தையே பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆறாம் படி: வெயிலில்தான் வேலை என்றால்

‘வெளியே போகாதீர்கள்’ என்ற அறிவுரை கட்டட வேலைக்காரருக்கும் உப்பளத்தில் நிற்பவருக்கும் உணவு டெலிவரி செய்பவருக்கும் எந்த உதவியும் செய்யாது. அவர்களுக்கு வேலை நேரமும் ஓய்வும் தண்ணீரும்தான் பாதுகாப்பு.

மேஸ்திரிகளும் ஒப்பந்ததாரர்களும் செய்ய வேண்டியது இது. கனமான வேலையை காலை ஆறு முதல் பத்தரைக்குள் வையுங்கள், மீதியை மாலை நாலுக்கு மேல். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க விடுங்கள், அந்தத் தண்ணீர் வேலை நடக்கும் இடத்திலேயே நிழலில் இருக்க வேண்டும். நூறு அடி நடந்து போய்க் குடிக்க வேண்டுமென்றால் யாரும் போக மாட்டார்கள். வெயில் ஏற ஏற ஓய்வு நேரம் கூட வேண்டும், கூலி குறையக் கூடாது. கூலி குறைந்தால் ஓய்வு எடுக்க மாட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்தான் அதிகம் விழுகிறார். வெயில் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுங்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியவரும் புதியவர் மாதிரிதான். இருவர் இருவராக வேலைக்கு விடுங்கள். தனக்குக் குழப்பம் வருவதை ஒருவரால் தானே கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், கழிப்பறை. நம் வேலையிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு முதல் காரணம் தாகமின்மை அல்ல, ஒதுங்க இடம் இல்லாததுதான். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் வெப்பத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சேர்த்துப் பேசுகின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்கு என்று சொன்னது. கழிப்பறை இல்லாத இடத்தில் ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்று பலகை மாட்டுவதில் அர்த்தமே இல்லை. முதலில் கழிப்பறையைக் கட்டுங்கள்.

சென்னை மாநகராட்சி 2025-இல் டெலிவரி ஊழியர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளை அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் திறந்தது. உங்கள் ஊரிலும் கேளுங்கள். கேட்கக் கூடிய விஷயம்தான்.

ஏழாம் படி: யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள்

வெளியே போகும் இளைஞரைவிட, வீட்டுக்குள் தனியாக இருக்கும் பெரியவருக்கு ஆபத்து அதிகம். மேல்மாடியில் தனியாக இருக்கும் தாத்தா, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அத்தை, படுத்த படுக்கையாக இருப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், கர்ப்பிணி, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், மனநோய்க்கு மருந்து எடுப்பவர். தெருவில் இப்படி யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை மாலையில் இருக்கட்டும், வீடு அதிகம் சூடேறியிருப்பது அப்போதுதான். ‘நல்லா இருக்கேன்பா’ என்று போனில் சொல்வதை மட்டும் நம்பாமல் நேரில் போங்கள். பேச்சு தெளிவாக இருக்கிறதா, நாக்கு உலர்ந்திருக்கிறதா, காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சுடச்சுடப் புழுங்கும் வீட்டிலிருந்து அவர்களை இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப் போனாலே பெரிய உதவி. பக்கத்து வீட்டு ஏசி அறை, கோயிலின் கல் மண்டபம், சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று ஊருக்கு ஊர் ஏதாவது ஒன்று இருக்கும்.

மருந்துகள் விஷயம். நீர் மாத்திரை உடம்பு நீரைக் குறைக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். சளி, அலர்ஜி மாத்திரைகளில் சிலவும் மனநல மருந்துகளில் சிலவும் வியர்வையையே குறைக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏப்ரலில் ஒரு தடவை மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, ‘இந்த வெயிலுக்கு அளவை மாற்ற வேண்டுமா’ என்று கேளுங்கள்.

ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பால்தான், தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தால் போதும். பால் கொடுக்கும் அம்மா கூடுதலாகக் குடிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டு மாலை ஐந்துக்கு மேல். வாசலில் நாய்க்கும் காக்கைக்கும் ஒரு சட்டியில் தண்ணீர், மாட்டுக்கு நிழல்.

எட்டாம் படி: அடையாளங்களும் முதலுதவியும்

வேர்க்குருவும் நீர்க்கடுப்பும் தொந்தரவுதான், ஆபத்தில்லை. கால், வயிறு சதை இழுத்துப் பிடித்தால் உப்பும் நீரும் குறைந்திருக்கிறது. நிழலில் உட்கார வைத்து நீர்மோரோ ஓ.ஆர்.எஸ்ஸோ கொடுங்கள், அன்றைய கனமான வேலை போதும்.

அடுத்த கட்டம் வெப்பச் சோர்வு. அதிக வியர்வை, தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வேகமான நாடி, நிற்க முடியாத அசதி. ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும். படுக்க வைத்துக் காலைச் சற்றே உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவமனைக்கு.

ஹீட் ஸ்ட்ரோக் உயிருக்கே ஆபத்து. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்படுகிறது. வீட்டில் தெர்மாமீட்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ‘உங்க பேர் என்ன? இது எந்த ஊர்? இன்னிக்கு என்ன கிழமை?’ என்று கேளுங்கள். பதில் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கோபமாகத் தள்ளினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். ‘வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக்’ என்று பலர் நம்புகிறார்கள். வீட்டில் கிடக்கும் முதியவர்களுக்குத் தோல் காய்ந்து சூடாக இருப்பது உண்மை. வேலை செய்துகொண்டிருந்து விழுந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரலாம்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், அதே நொடியில் மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

1. நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். கூட்டத்தை விலக்குங்கள், காற்று வரட்டும்.
2. உடையைக் கழற்றுங்கள். மானம் கருதித் தயங்க வேண்டாம், ஒரு மெல்லிய துணி மூடினால் போதும்.
3. தண்ணீர் ஊற்றுங்கள். முகத்தில் தெளிப்பது போதாது. பைப்போ வாளியோ, தலை முதல் கால் வரை விடாமல் ஊற்றி, கையில் கிடைத்ததைக் கொண்டு விசிறிக்கொண்டே இருங்கள். இளைஞர், வேலையிடம் என்றால் தார்ப்பாயை நான்கு பேர் பிடித்து, அதில் அவரைக் கிடத்தி ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கழுத்து வரை முழுக வைப்பது எல்லாவற்றையும்விட வேகமான வழி. தலை எப்போதும் மேலே இருக்கட்டும்.
4. ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.
5. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடாவோ ஓ.ஆர்.எஸ்ஸோ நுரையீரலுக்குள் போய்விடும்.
6. பாராசிட்டமால், ஆஸ்பிரின் வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, மாத்திரைக்கு இறங்காது, கல்லீரலுக்கும் ரத்தத்துக்கும் கெடுதல்.
7. வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
8. மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்கார வைத்து மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, இருக்கும் இடத்திலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது மேல். ஆம்புலன்ஸ் வராது, காரில்தான் போக வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்து, ஈரத் துணி போட்டு, வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போங்கள். சந்தேகமாக இருந்தால் 104-இல் மருத்துவ ஆலோசனை கிடைக்கும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஒன்பதாம் படி: தேறி வந்த பிறகு

ஹீட் ஸ்ட்ரோக்கிலிருந்து தப்பியவருக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் சில நாள் கழித்தும் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ குறைந்து போனாலோ அன்றே திரும்பிப் போங்கள். வெயில் வேலைக்கு மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே, அதுவும் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. வெப்பச் சோர்வு மட்டும் வந்தவரும் இரண்டு நாளாவது வெயில் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வெப்பம்தான் காரணம் என்று மருத்துவ ஆவணத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே மருத்துவமனையில் சேர்க்கும்போதே, எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதைச் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போன இடத்தில் நடந்தது என்றால் உடன் இருந்த இருவரின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தார் அலுவலகத்திலோ மனு கொடுக்கும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.